48 குழந்தைகளுடன் மாமல்லபுரம்: ஒரு நாள் சுற்றுலாவை நடத்திய விதம்

மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை 48 குழந்தைகள், ஆறு ஆசிரியர்கள், ஒரு பேருந்து. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ஏறத்தாழ 55 கிலோமீட்டர். கோயில்களைப் பார்க்க ஆன நேரத்தைவிடக் கழிப்பறை வரிசையிலும் தலை எண்ணுவதிலும் போன நேரம் அதிகம். அதை முன்கூட்டியே கணக்கில் வைத்தால் நாள் குலையாது.

முதலில் தேதி. டிசம்பர் பிற்பாதியிலிருந்து பிப்ரவரி வரை வெயில் தாங்கும். சனி, ஞாயிறு வேண்டாம். காணும் பொங்கல் பக்கமே தலைவைக்கக் கூடாது. செவ்வாய் முதல் வியாழன் வரை நல்லது. பெற்றோர் ஒப்புதல் கடிதத்தில் வெறும் கையெழுத்து மட்டும் வாங்கினால் பயனில்லை. வீசிங் உண்டா, எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, பேருந்தில் வாந்தி வருமா என்று மூன்று கேள்விகளை அதிலேயே சேர்த்துவிட வேண்டும். பேருந்தின் எஃப்.சி. (தகுதிச் சான்றிதழ்), இன்சூரன்ஸ், பெர்மிட், ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் நகல்களைப் பணம் கொடுக்கும் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

காலை 6.30க்குப் புறப்பாடு. வீட்டில் இரண்டு இட்லி போதும், பால் வேண்டாம். பால் குடித்துவிட்டு ஏறும் பிள்ளைதான் உத்தண்டி சுங்கச்சாவடி தாண்டுவதற்குள் வாந்தி எடுக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு முன் இரண்டு வரிசை. ஆளுக்கு இரண்டு பிளாஸ்டிக் கவர், ஒரு துண்டு எலுமிச்சை.

ஓர் ஆசிரியருக்கு எட்டுக் குழந்தைகள். ஒவ்வொரு குழந்தைக்கும் 1 முதல் 8 வரை ஓர் எண். நிற்கும் இடமெல்லாம் எண்ணைச் சொல்லச் சொன்னால் கால் நிமிடத்தில் கணக்கு முடியும். ஆனால் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்க வேண்டும். பக்கத்தில் இருப்பவன் தோழனுக்கும் சேர்த்துக் குரல் கொடுத்துவிடுவான். அடையாள அட்டையின் வெளிப்பக்கம் பள்ளியின் பெயரும் ஆசிரியரின் கைபேசி எண்ணும் மட்டும். குழந்தையின் பெயர் வெளியே தெரிய வேண்டாம்.

ஐந்து ரதங்களுக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் அன்றைய நாளுக்கு ஒரே சீட்டு. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை, பெரியவர்களுக்கு மட்டும் எடுத்தால் போதும். அதைத் தலைமை ஆசிரியர் ஒருவரே கடைசிவரை வைத்திருக்கட்டும், இரண்டாவது வாசலிலும் கேட்பார்கள்.

முதலில் ஐந்து ரதங்கள். அங்கே நிழல் குறைவு, பத்து மணிக்கு மேல் மணல் சுடும். இறங்கியதும் கழிப்பறை: 48 பேருக்கு முழுதாக அரை மணி நேரம். உள்ளே போனதும் பல்லவர் வரலாற்றை ஆரம்பித்தால் மூன்றாம் வகுப்பு மணலில் வீடு கட்டத் தொடங்கிவிடும். 'கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் ஒட்டுக் கோடு எங்கே இருக்கிறது, தேடுங்கள்' என்று விடுவதே சரி. தேடித் தேடிப் பார்த்து, இல்லை என்று அவர்களே வந்து சொல்வார்கள். ஒரே பாறையைச் செதுக்கியது என்பதை அப்போது சொன்னால் போதும். திரௌபதி ரதத்தின் கூரை வேய்ந்த குடிசைபோல் இருப்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நகுல சகதேவ ரதத்தின் பின்பக்க வளைவையும் பக்கத்தில் நிற்கும் கல் யானையின் முதுகையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க வையுங்கள். பீம ரதத்தின் அடிப்பகுதி முடிக்கப்படாமல் நிற்பதைக் காட்டினால், மேலிருந்து கீழாகச் செதுக்கினார்கள் என்பது புரியும். (பாண்டவர் பெயர்கள் பிற்காலத்தில் வந்தவை. இந்த வயதில் அந்த விளக்கம் தேவையா என்றால், தேவையில்லை.)

பத்தரைக்குக் குன்றுப் பக்கம். அர்ஜுனன் தபசு என்றும் கங்கை இறங்குவது என்றும் இரண்டு விதமாகச் சொல்லப்படும் பெரும்பாறைச் சிற்பத்தின் முன் ஒரே ஒரு வேலை: பூனையைக் கண்டுபிடி. தவம் செய்யும் பூனையும் அதை வணங்கும் எலிகளும் பெரிய யானைக்கு அருகில் இருக்கின்றன. கண்டுபிடிக்கும் வரை எந்த ஆசிரியரும் விரல் நீட்டக் கூடாது. சாலையோரம் என்பதால் ஒரு நேரத்தில் இரண்டு குழுக்கள் மட்டும் நிற்க, மற்றவை வராக மண்டபத்தில் இருக்கலாம். அது பாறையைக் குடைந்தது.

வெண்ணெய் உருண்டை என்று சொல்லப்படும் பெரிய உருண்டைப் பாறை நிற்கும் சரிவு வழவழவென்று தேய்ந்திருக்கிறது. குழந்தைகள் அதில் சறுக்காமல் இருக்க மாட்டார்கள். கால்சட்டை கிழியும், முட்டி உரியும். கீழே இரண்டு ஆசிரியர்கள் நிற்க வேண்டும். முதலுதவிப் பெட்டிக்கு அன்று வேலை வரும் இடம் பெரும்பாலும் இதுதான்.

மதியத்துக்குப் புளியோதரை கெடாது. தேங்காய்ச் சட்னி கூடவே கூடாது. தயிர்சாதம் என்றால் பாலை நிறைய ஊற்றி ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டுப் பிசைந்தது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் போக, பேருந்தில் 20 லிட்டர் கேன் இரண்டு.

கடற்கரைக் கோயில் கடைசியில், மூன்று மணிக்கு மேல். கடலைக் காலையிலேயே காட்டிவிட்டால் அப்புறம் எந்தச் சிற்பமும் கண்ணில் படாது. இங்கேயும் அதே கேள்விதான்: ஒட்டுக் கோடு எங்கே? இந்த முறை எல்லாப் பக்கமும் தெரியும். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பல்லவ மன்னன் இராஜசிம்மன் காலத்தில் கல்லை அடுக்கிக் கட்டியது. குடைந்தது, செதுக்கியது, கட்டியது என மூன்றையும் ஒரே நாளில் பார்த்தாயிற்று. சுவர் உருவங்கள் மழுங்கியிருப்பது உப்புக்காற்றால். சவுக்குத் தோப்பும் கடலோரக் கற்குவியலும் எதற்கு என்று கேட்டால் நாலைந்து பேராவது சொல்லிவிடுவார்கள்.

அலையில் கால் நனைக்க நாங்கள் விடுவதில்லை. இங்கே நீரோட்டம் இழுக்கும், எட்டுப் பேருக்கு ஓர் ஆசிரியர் போதாது. அழுகை வரும், வரட்டும். வாசலில் சங்கு, பாசிமணிக் கடைகளுக்கு இருபது நிமிடம், ஆளுக்கு 50 ரூபாய் வரம்பு. பேருந்தில் ஏறும் முன் ஷூவைக் கழற்றி மணலைத் தட்டி, எண் சொல்லி, உட்கார வைத்து, மறுபடி எண் சொல்லி, அதன்பின் ஓட்டுநருக்குச் சைகை.