டீச்சர் வீட்டுக் கிரயம்

9 ஜூன் 2025, திங்கள்

வீட்டுத் தரகரான என்னிடம் மதுரை புதூர்ப் பக்கம் ஒரு பழைய வீடு விற்பனைக்கு வந்திருக்கிறது. 4 சென்ட் மனை, 1991-ல் கட்டிய கீழ்த்தளம், மாடியில் ஓர் அறை. ஓய்வுபெற்ற டீச்சர் தனியாக இருக்கிறார். முட்டிவலி, படி ஏற முடியவில்லை, திருநெல்வேலியில் மகளோடு போய் இருக்கப் போகிறார். பெயரும் தெருவும் வேண்டாம், மற்றதை எழுதிக்கொள் என்று அனுமதி கொடுத்திருக்கிறார்.

உட்கார்ந்ததும் அவர் கேட்டது பெயின்ட் பற்றி. "டைல்ஸ் மாத்தி, பெயின்ட் அடிச்சா நல்ல விலை போகும்னு பெரியவன் சொல்றான். ஆறு லட்சம் ஆகுமாம்."

வேண்டவே வேண்டாம் என்றேன். முப்பது வருஷம் தாண்டிய வீட்டை வாங்க வருகிறவர் மனைக்குத்தான் விலை போடுவார். புது டைல்ஸைப் பார்த்து ஆறு லட்சம் கூடுதலாகத் தர மாட்டார். பாதிப் பேர் இடித்துக் கட்டுகிற யோசனையோடுதான் வருவார்கள். பாத்ரூம் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது, அதை மட்டும் சரிசெய்யச் சொன்னேன். ஓதத்தைப் பார்த்தால் முழு வீட்டையும் சந்தேகப்படுவார்கள்.

"பீரோவைத் திறங்க டீச்சர், பத்திரத்தைப் பார்ப்போம்" என்றேன். வீடு விற்க நினைக்கிற எல்லாருக்கும் நான் சொல்வது இதுதான்: வாங்குபவரின் வக்கீல் என்னவெல்லாம் கேட்பாரோ அதையெல்லாம் போர்டு வைப்பதற்கு முன்னால் நாமே கேட்டுவிட வேண்டும். ஆள் கிடைக்காமல் நின்றுபோகும் கிரயத்தைவிட, அட்வான்ஸ் வாங்கிய பிறகு பேப்பரில் மாட்டி நின்றுபோகும் கிரயம்தான் அதிகம்.

11 ஜூன், புதன்

பீரோவில் இருந்தவை: 1986 கிரயப் பத்திரம் அசல், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரத்தின் நகல், மாநகராட்சி பிளான் அனுமதி, வீட்டு வரி ரசீதுகள், 2019-ல் ஐயா (டீச்சரின் கணவர்) இறந்தபோது பென்ஷனுக்காக வாங்கிய வாரிசுச் சான்றிதழ். பிளான் அனுமதி பத்திரமாக இருப்பது பெரிய விஷயம். அந்தக் காலத்து வீடுகளில் அது பெரும்பாலும் தொலைந்திருக்கும்.

பட்டா இன்னும் ஐயா பேரில்தான் இருக்கிறது.

ஆன்லைனில் வில்லங்கம், அதாவது சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், போட்டுப் பார்த்தேன். 1990-ல் ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்துக்கு அடமானம் எழுதிக் கொடுத்தது நிற்கிறது. டீச்சர் பதறிவிட்டார். "அதைக் கட்டி முடிச்சாச்சேம்மா! அவங்க பாஸ்புக்கில சீல்கூட இருக்கு." சீல் இருக்கிறது, கடனும் தீர்ந்துவிட்டது. ஆனால் அடமானத்தைப் பதிவு செய்ததுபோல அது தீர்ந்ததையும் ரசீதுப் பத்திரமாகப் பதிவு செய்திருக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் வில்லங்கத்தில் அந்த வரி காலத்துக்கும் நிற்கும். சங்கக் கடன் வாங்கி வீடு கட்டிய குடும்பங்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கடன் இருந்திருந்தால், விற்கிற எண்ணம் இல்லாவிட்டாலும் இன்றைக்கே வில்லங்கம் போட்டுப் பாருங்கள். கையெழுத்துப் போட வேண்டிய சங்கம் இயங்கிக்கொண்டிருக்கும்போதே முடிப்பது நல்லது.

14 ஜூன், சனி

யார் யார் கையெழுத்து வேண்டும் என்று குடும்பத்தோடு வீடியோ காலில் பேசினோம். ஐயா உயில் எழுதவில்லை. ஆகவே டீச்சர், இரண்டு மகன்கள், மகள் என நாலு பேருக்கும் சமபங்கு. மகளிடம் முதலில் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் வாங்கிவிடலாமா என்று இளையவர் கேட்டார். எதற்கு? நாலு பேரும் சேர்ந்து விற்பவர்களாகக் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. விடுதலைக்குத் தனி முத்திரைக் கட்டணம், தனிப் பதிவு, அதோடு வீட்டுக்குள் ஒரு மனக்கசப்பு. மகள் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் நேரடியாகவே சொன்னேன், "உங்க பங்கு உங்க கணக்குக்கே வரும்மா." பெண்பிள்ளையின் கையெழுத்தை மட்டும் கேட்டு, பங்கைப் பற்றி வாய் திறக்காத குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன். அப்படிப்பட்ட வேலையை நான் எடுப்பதில்லை.

சிங்கப்பூரில் இருக்கும் மூத்த மகன் வர முடியாது. தனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடத் தம்பி பேரில் பவர் எழுத வேண்டும். இந்த ஒரு வீட்டை விற்பதற்கு மட்டுமான சிறப்புப் பவர் போதும். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்ப வேண்டும். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரைத் தீர்வை கட்டிச் சரிபார்க்க வேண்டும். பதிவு நெருங்கும்போது அவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான சான்றும் கேட்பார்கள். அது 30 நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன். வாய்வார்த்தையாகச் சொன்னால் பாதி மறந்துபோகும்.

23 ஜூன், திங்கள்

விலை. மூத்த மகன் 1 கோடியே 10 லட்சம் என்கிறார். பக்கத்துத் தெருவில் அப்படிப் போனதாகக் கேள்வி என்றார். கேள்விப்பட்ட விலையை வைத்து வீடு விற்க முடியாது. அந்தத் தெரு 30 அடி ரோடு, நம்முடையது 20 அடி. காரைத் திருப்ப முடியுமா, நாளைக்கு மாடி எடுக்க அனுமதி கிடைக்குமா என்பதெல்லாம் ரோட்டு அகலத்தைப் பொறுத்தது.

அதே சர்வே நம்பரில் சமீபத்தில் நடந்த பதிவுகளின் வில்லங்கத்தை எடுத்தேன். பத்திரத்தில் காட்டிய தொகை அதில் வரும். அது எப்போதும் உண்மை விலையாக இருக்காது என்பதால் வாங்கியவர்கள் இரண்டு பேரிடம் நேரில் கேட்டேன். சென்ட் 20 லட்சத்தை ஒட்டித்தான் நிற்கிறது. கட்டடத்துக்குப் பத்து லட்சம். 92 சொல்லி 88-க்குக் குறையாமல் முடிப்பது என்று குடும்பமே ஒத்துக்கொண்டது. எட்டாத விலை சொல்லி ஆறு மாதம் கிடந்தால், "அந்த வீடு ஏன் போகலை, ஏதோ கோளாறு" என்று ஊர் பேசும். அதன் பிறகு 80-க்குக்கூட இழுபறிதான்.

என் கமிஷன் விற்பவரிடம் 1 சதவீதம், வாங்குபவரிடம் 1 சதவீதம். வெள்ளைத்தாளில் எழுதி டீச்சரிடம் கொடுத்தேன்.

17 ஜூலை, வியாழன்

இன்று ஆடி 1. ஆடியில் வியாபாரம் கிடையாது என்று தொழிலில் பலர் கடையைச் சாத்திவிடுகிறார்கள். எனக்கு இது மும்முரமான மாதம். ஆடியில் முடிக்க மாட்டார்களே தவிர, வந்து பார்ப்பார்கள். ஆவணியில் முடிப்பதற்கு இப்போதே அலைகிறார்கள்.

சங்கத்தின் ரசீதுப் பத்திரம் பதிவாகிவிட்டது. பட்டா நாலு பேர் பேரிலும் வந்துவிட்டது. பவர் சரிபார்ப்பும் முடிந்தது. எல்லாவற்றையும் நகலெடுத்து ஒரே ஃபைலாகப் போட்டேன். இனிமேல் போர்டு வைக்கலாம்.

27 ஜூலை, ஞாயிறு

காலையில் ஒரு கணவன் மனைவி வந்தார்கள். அவர் ரயில்வே, அவர் மனைவி நர்ஸ். வாசல் கிழக்கு என்பது முதலிலேயே பிடித்துப்போனது. கணவர் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தம்மா நேராக அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்து, உள்ளங்கையில் பிடித்து ஒரு வாய் குடித்தார்.

"போர் தண்ணியா? இதுல பருப்பு வேகுமா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். "போர்ல வேகாதும்மா, உப்பு" என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். "சமையலுக்குக் கார்ப்பரேஷன் தண்ணிதான். ஒருநாள் விட்டு ஒருநாள் வருது. கீழ்த்தொட்டி இருக்கு, வாங்க காட்டுறேன்." மூடியைத் தூக்கிக் காட்டினேன். போன வாரம்தான் கழுவி விட்டிருந்தோம். அந்தம்மா குனிந்து அடிவரைக்கும் பார்த்தார். ஓதம் இருந்த சுவரையும் காட்டி, என்ன வேலை பார்த்தோம் என்று சொன்னேன். குறையை நாமே முதலில் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் நாம் சொல்லும் நல்லதையும் நம்புவார்கள்.

வீட்டைக் காட்டும்போது விற்பவர்கள் கூடவே சுற்றக் கூடாது. டீச்சரிடம் முன்பே சொல்லியிருந்தேன். காபி கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். அந்த இருவரும் மாடியறையில் தனியாக நின்று கொஞ்ச நேரம் பேசினார்கள். வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது அந்தப் பேச்சில்தான்.

போகும்போது "நம்ம பட்ஜெட் தொண்ணூறு, அக்கா" என்றார் கணவர். எதெல்லாம் சேர்த்து என்று கேட்டேன். பதிவுச் செலவை அவர் நினைக்கவேயில்லை. முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம். 88 லட்சத்துக்கு 7 லட்சத்து 92 ஆயிரம். வங்கி 80 சதவீதம் வரை, அதாவது 70 லட்சத்துச் சொச்சம் தரும். பதிவுச் செலவை அதில் சேர்க்காது. ஆக இருபத்தைந்தரை லட்சம் கையில் இருக்க வேண்டும். பேனாவை எடுத்து எழுதிக் காட்டினேன். நகைக்கடன் இல்லாமல் அவ்வளவு திரட்ட முடியுமா என்று பேசிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். இதை ஒளித்து அட்வான்ஸ் வாங்கினால் மூன்றாம் மாதம் அவர்கள் கையைப் பிசைவார்கள், டீச்சர் வீடு முடங்கும்.

31 ஜூலை, வியாழன்

இன்னொரு பார்ட்டி, 90 தருகிறாராம். பத்திரத்தில் 50 மட்டும் காட்டி, மீதி ரொக்கம். மூத்த மகனுக்குக் கொஞ்சம் ஆசை. ஆடிட்டரை வைத்துப் பேசவைத்தேன். சொத்து விற்பதற்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். அதோடு, கணக்கில் வராத 40 லட்சத்தை வைத்துக்கொண்டு 74 வயது டீச்சர் என்ன செய்வார்? எந்த வங்கியில் போடுவார்? இந்த வேலைக்கு நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். டீச்சரும் அதையே சொன்னார்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ரயில்வே தம்பதி வந்து 88-க்கு டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தார்கள், 50,000, வங்கிக் கணக்குக்கு. ஃபைலின் நகலை அன்றைக்கே அவர்கள் கையில் கொடுத்தேன்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

பி.டெக் முடித்த பையன் ஒருவன் இந்தத் தொழிலுக்கு வர ஆசைப்படுகிறான். எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டான். மதுரை முழுக்க ஓடாதே, இரண்டு ஏரியா எடுத்துக்கொள் என்றேன். எந்தத் தெருவில் மழைத்தண்ணீர் நிற்கும், எங்கே பாதாளச் சாக்கடை வந்திருக்கிறது, எங்கே குடிதண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று உனக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். வில்லங்கம் படிக்கப் பழகு. மேலே வைத்து விற்காதே. விற்பவருக்கு 80 சொல்லி, வாங்குபவரிடம் 85 வாங்கி, நடுவில் ஐந்தை எடுக்கிற வழக்கம் இங்கே உண்டு. பதிவு நாளில் இரண்டு பக்கமும் ஒரே பெஞ்சில்தான் உட்காருவார்கள், எப்படியும் பேசிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் உனக்கு அடுத்த வீடு கிடைக்காது. எனக்கு வருகிற வேலையெல்லாம் முன்னால் விற்றுக் கொடுத்தவர்கள் சொல்லி அனுப்புவதுதான்.

18 ஆகஸ்ட், திங்கள்

ஆவணி பிறந்ததும் கிரய ஒப்பந்தம். அதையும் பதிவு செய்துவிட்டோம். காலக்கெடு, மீதித் தொகை, எந்தத் தேதியில் வீட்டைக் காலி செய்வது, யாராவது பின்வாங்கினால் முன்பணம் என்ன ஆகும் என்று எல்லாம் எழுத்தில் இருக்கிறது.

வரிப் பிடித்தத்தை விளக்கத்தான் நேரமானது. விலை 50 லட்சத்தைத் தொட்டுவிட்டால் வாங்குபவர் 1 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும், முன்பணத்துக்கும் சேர்த்து. வாங்குபவர் இரண்டு பேர், உள்நாட்டில் இருக்கும் விற்பவர் மூன்று பேர் என்பதால் ஒவ்வொரு தடவை பணம் கொடுக்கும்போதும் ஆறு படிவம். சிங்கப்பூர் மகனின் பங்குக்குக் கணக்கே வேறு. அவர் வெளிநாட்டில் வசிப்பவர், 12.5 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் சேர்ந்து 13 சதவீதம். குறைந்த பிடித்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் வங்கியும் ஆடிட்டரும் மொத்தத் தொகைக்கே பிடிக்கச் சொல்வார்கள். 22 லட்சத்துக்கு 2 லட்சத்து 86 ஆயிரம். சான்றிதழுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றார். வாங்குபவர்கள் இதற்கென்று டேன் எண் (வரி பிடித்துக் கட்டுபவருக்கான எண்) எடுக்க வேண்டும். அதனால் முன்பணத்தை மற்ற மூவரின் கணக்குக்கு மட்டும் போட்டு, அவர் பங்கைப் பதிவன்று அவருடைய என்.ஆர்.ஓ. கணக்குக்கு (வெளிநாட்டில் வசிப்பவருக்கான வங்கிக் கணக்கு) மொத்தமாக அனுப்புவதாக ஏற்பாடு.

4 செப்டம்பர், வியாழன்

பதிவு முடிந்தது. ஆவணி முகூர்த்த நாள், கூடுதல் டோக்கன் கொடுத்தும் அலுவலகத்தில் நிற்க இடமில்லை. டீச்சரால் ரொம்ப நேரம் நிற்க முடியாது என்பதால் காலை டோக்கனாகப் பார்த்து எடுத்திருந்தேன். ராகுகாலம் ஒன்றரைக்குத்தான். வங்கி ஆள் டிடியோடு வந்திருந்தார். டிடியில் பெயரும் தொகையும் சரியா என்று கையெழுத்துக்கு முன்பே ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தோம். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அன்றைக்குப் பதிவு கிடையாது. "முழுச் சம்மதத்தோட விக்கிறீங்களாம்மா?" என்று சார்பதிவாளர் கேட்டார். டீச்சர் வகுப்பறைக் குரலில் "ஆமாங்க" என்றார்.

ஒப்பந்தம் போட்டுப் பதினெட்டாம் நாள் பதிவு. வங்கி வக்கீல் ஒரு பேப்பர்கூடத் திருப்பிக் கேட்கவில்லை.

8 செப்டம்பர், திங்கள்

வீடு விற்ற லாபத்துக்கான வரியைக் கணக்குப் போட ஆடிட்டரிடம் டீச்சரை அழைத்துப் போனேன். பழைய சொத்துக்கு 2001 ஏப்ரல் 1 மதிப்பை அடக்க விலையாக வைக்கலாம், ஆனால் அது அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. அப்படிப் பார்த்தால் மொத்தம் 6 லட்சம், டீச்சர் பங்கில் ஒன்றரை. பணவீக்கக் குறியீட்டால் அடக்க விலையைக் கூட்டி 20 சதவீதம் கட்டினால் சுமார் 3 லட்சத்து 27 ஆயிரம். குறியீடு இல்லாமல் 12.5 சதவீதம் என்றால் 2 லட்சத்து 56 ஆயிரம். பழைய வீடு என்றாலே குறியீடுதான் லாபம் என்று நினைப்பவர்கள் இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் 54இசி என்னும் அரசு நிறுவனக் கடன் பத்திரங்களில் போட்டால் வரி இல்லை, ஆனால் பணம் ஐந்து வருஷம் முடங்கும். மருத்துவச் செலவு எப்போது வரும் என்று தெரியாத வயது. பாதியைப் பத்திரத்தில் போட்டு, மீதிக்கு வரி கட்டுவது என்று டீச்சரே முடிவெடுத்தார்.

மின் இணைப்பு, வீட்டு வரி, குடிநீர் இணைப்பு மூன்றையும் பெயர் மாற்ற விண்ணப்பம் கொடுத்தாயிற்று. மனையைப் பிரிக்கும் உட்பிரிவு இல்லாததால் பட்டா தானாகவே மாறும், அடுத்த வாரம் பார்க்க வேண்டும். புதியவர்கள் அக்டோபர் 7-க்குள் சிங்கப்பூர்ப் பங்கின் வரியைக் கட்ட வேண்டும். மற்ற மூவர் பங்கில், ஆகஸ்ட் முன்பணத்துக்கான படிவங்கள் செப்டம்பர் 30-க்குள்ளும், பதிவன்று கொடுத்த தொகைக்கானவை அக்டோபர் 30-க்குள்ளும் போக வேண்டும். மூன்று தேதிகளையும் அந்த நர்ஸம்மாவுக்கு அனுப்பிவிட்டேன்.