எதிர்ச்சாரியில் நின்று பார்த்த முகங்கள்

சினிமா பேனர் வரைந்தவர்களில் பலரும் எழுத்தில்தான் தொடங்கினோம். படத்தின் பெயர், தியேட்டரின் பெயர், காட்சி நேரம். எண்பதுகளின் நடுவில் சென்னையில் நான் சேர்ந்த பட்டறையில், முகத்தைத் தொடுவது மாஸ்டர் மட்டும்தான். துணியை மரச்சட்டத்தில் இழுத்து அடிப்பது, வஜ்ரப் பசை காய்ச்சி ஜிங்க் ஒயிட் கலந்து பூசுவது, பவுடர் கலரை எண்ணெயில் குழைப்பது எல்லாம் எங்கள் வேலை. நிறங்களை நான் முதலில் அறிந்தது கண்ணால் அல்ல, குழைத்த கையால்.

அப்புறம் கட்டம் போடுவது. ஸ்டில் போட்டோவின் மேல் சின்னச் சின்னக் கட்டம், துணியில் அதே கட்டம் பெரிதாக. ஒரு கட்டத்துக்குள் மூக்கின் ஓரம் மட்டும் வரும், இன்னொன்றில் புருவத்தின் பாதி. முகம் என்ற நினைப்பை விட்டுவிட்டு, கோடு எங்கே வளைகிறது என்று மட்டும் பார்க்கப் பழகினேன். எந்தக் கல்லூரியிலும் இதைவிட நல்ல பாடம் கிடைத்திருக்காது என்று இன்றும் நம்புகிறேன்.

மாஸ்டர் கன்னத்தில் ரோஸ் வைப்பார், தாடைக்குக் கீழே பச்சை, கழுத்தோரம் நீலம். கிட்டே நின்றால் வெறும் திட்டுகள்தான். “தம்பி, பிரஷ்ஷை வச்சிட்டு எதிர்ச்சாரில போய் நின்னு பாரு” என்பார். சாலையைத் தாண்டி நின்று திரும்பினால், பச்சையும் நீலமும் காணாமல்போய் உயிருள்ள தோல் தெரியும். மவுன்ட் ரோட்டில் பஸ்ஸில் போகிறவர் அந்த முகத்தைப் பார்க்கப்போவது சில நொடிகள். அதற்குள் அது அவரைப் பிடிக்க வேண்டும். தூரத்தையும் சேர்த்து வரைவதுதான் எங்கள் தொழில்.

எங்களுக்கு முன்னோடிகள் உண்டு. கொண்டையராஜு நாடகக் கம்பெனிக்குச் சீன் வரைந்தவர். பிறகு கோவில்பட்டியில் தங்கி, காலண்டர்களுக்குத் தெய்வப் படங்கள் வரைந்தார். மேடையின் கடைசி வரிசைக்கும் தெரியும்படி வரைந்த கை என்பதை, அவருடைய முருகனின் கண்களைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். பெரும்புகழ் பெற்ற ஓவியர் எம்.எஃப். ஹுசேனும் பம்பாயில் சினிமா பேனர் வரைந்தவர்தான். இது தெரிந்த அன்று எனக்கு வந்த தைரியம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் என்னை உலுக்கியது தஞ்சாவூர். பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள்பாதையில், நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பொதுவாக உள்ளே யாரையும் விடுவதில்லை. நான் பார்த்தது பிரதிகளையும் புகைப்படங்களையும்தான். அதற்கே பல நாள் தூக்கம் போயிற்று. முப்புரம் எரித்த சிவன், திரிபுராந்தகர், தேரில் நின்று வில்லேந்தும் காட்சி ஒரு சுவரையே நிறைக்கிறது. அந்தப் பாதையோ குறுகலானது. வரைந்தவர் பின்னால் போய் நின்று பார்த்திருக்கவே முடியாது! சுண்ணாம்புப் பூச்சின் ஈரம் காய்வதற்குள் முடிக்கவும் வேண்டும். எதிர்ச்சாரிக்குப் போகாமலேயே எதிர்ச்சாரியிலிருந்து தெரிவதை மனதுக்குள் பார்த்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தக் கைகளை நான் என் மாஸ்டருக்கும் மாஸ்டராக நினைக்கிறேன்.

ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ ஓவிய வரிசை வேறு விதமாகத் தொட்டது. 1963-இல் அவர் தொடங்கியது அது. படிக்க முடியாத எழுத்துகளும் ஜாதகக் கட்டங்களும் நிறைந்த பரப்பு. ஆண்டுக்கணக்கில் எழுத்து வரைந்த எனக்கு, அவற்றைப் படிக்கத் தோன்றவில்லை. எழுத்தின் எடையும் இடைவெளியும் மட்டுமே தெரிந்தன. கீழ்நிலை வேலை என்று பட்டறையில் நினைத்திருந்த ஒன்று, கான்வாஸின் நடுவே மரியாதையோடு உட்கார்ந்திருந்தது.

ஃப்ளெக்ஸ் வந்ததும் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. கூட இருந்த பலர் வீட்டுச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கப் போனார்கள். அந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. அவர்கள் திறமைக்கு இந்த ஊர் இன்னும் கடன்பட்டிருக்கிறது.

நான் வாடகை வீட்டில் சின்ன அறையில் வரைகிறேன். மீன் விற்கும் பெண்கள், மூட்டை தூக்குபவர்கள், என் மாஸ்டர். பழையபடி துணியில் வஜ்ரம் பூசி, கட்டம் போட்டு, ஆள் உயரத்துக்கு மேலான முகங்கள். பின்னால் நகர்ந்தால் முதுகு சுவரில் இடிக்கும். அதனால் தாடைக்குக் கீழே பச்சையை வைக்கும்போதே, அது சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னவாகத் தெரியும் என்று மனதில் பார்த்துக்கொள்கிறேன். சில முகங்களில் அது சரியாக விழுகிறது.