அயோடேட் சுலபம், அயோடைடுதான் வேலை வாங்கும்

திறந்த கடலில் எங்கே மொண்டாலும் கரைந்த அயோடின் லிட்டருக்குச் சுமார் 450–500 நானோமோல்தான். அதில் அயோடைடு (ஆக்சிஜன் சேராத வடிவம்) எவ்வளவு, அயோடேட் (ஆக்சிஜன் சேர்ந்த வடிவம்) எவ்வளவு என்பதில்தான் விஷயம். இரண்டையும் நாங்கள் தனித்தனியே அளப்பது இப்படித்தான். ஆழத்தில் ஏறக்குறைய முழுக்க அயோடேட். வெப்பமண்டல மேற்பரப்பில் அயோடைடு 200-ஐக்கூடத் தாண்டும். துருவப் பக்கம் 50-க்கும் கீழே.

தண்ணீரை உடனே வடிகட்டி, குப்பியில் முக்கால் பங்கு மட்டும் நிரப்பி -20 டிகிரியில் உறைய வைக்கிறோம். கழுத்துவரை நிரப்பினால் உறையும்போது மூடியோரம் உப்புநீர் கசிந்துவிடும். உருகியதும் நன்றாகக் குலுக்க வேண்டும்; உப்பு அடியில் தங்கியிருக்கும்.

அயோடேட்டுக்கு 40 மில்லி கடல்நீர், 1.5 மோலார் சல்ஃபாமிக் அமிலம் 1 மில்லி. 350 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை ஒரு முறை அளந்துவிட்டு, 10% பொட்டாசியம் அயோடைடு 3 மில்லி விட்டு, இரண்டு மூன்று நிமிடத்தில் மறுபடி அளக்கிறோம். அயோடேட் அந்த அயோடைடை மஞ்சள் அயோடினாக்கும்; உறிஞ்சல் ஏறிய அளவுதான் அயோடேட்டின் கணக்கு. தாமதித்தால் காற்றே அயோடைடை ஆக்சிஜனேற்றி அளவை ஏற்றிவிடும். 1 செ.மீ. கலத்தில் 0.03 தான் காட்டும், 10 செ.மீ. கலம் வேண்டும். பொட்டாசியம் அயோடைடு கரைசல் லேசாக மஞ்சள் தட்டினாலும் கொட்டிவிடுங்கள்.

அமிலத்தில் கஞ்சத்தனம் கூடாது, நைட்ரைட்டை அழிப்பது அதுதான். நைட்ரைட் மிஞ்சினால் அது அயோடைடை அயோடினாக்கி, அயோடேட் வேஷம் போடும். அரபிக்கடலில் ஆக்சிஜன் வற்றிய நடு அடுக்கில் நைட்ரைட் அதிகம், அயோடேட்டோ சுத்தமாக இருக்காது. இல்லாத இடத்தில்தான் 'இருக்கிறது' என்று வரும்.

அயோடைடுக்குப் பாதரசத் துளி மின்முனை. 12 மில்லி நீரில் நீர்த்த டிரைட்டான் (சோப்பு போன்ற பொருள்) சில துளி, ஆக்சிஜனை விரட்ட நைட்ரஜன் 5 நிமிடம், -0.1 வோல்ட்டில் 60 விநாடி அயோடைடைத் துளிமேல் படியவிட்டு, மின்னழுத்தத்தை எதிர்மறைப் பக்கம் ஓட்டினால் -0.3 பக்கம் மின்னோட்டத்தில் முகடு எழும். முகட்டுக்கு அடியில் கோடு சரிந்தால் ஆக்சிஜன் முழுதும் போகவில்லை. முகடு ஓட்டத்துக்கு ஓட்டம் மாறினால் பெரும்பாலும் துளியின் அளவு சீராக இல்லை, நுண்குழாயைப் பாருங்கள். அளவுக்கோடு (தெரிந்த செறிவுகளை வைத்து வரையும் கோடு) தனியாகப் போட்டு நம்பாதீர்கள், கரிமப் பொருள் முகட்டை அமுக்கும். அதே கலத்தில் 100 மைக்ரோமோலார் அயோடைடு 12 மைக்ரோலிட்டர் விட்டால் லிட்டருக்கு 100 நானோமோல் ஏறும். மூன்று முறை ஏற்றுங்கள்.

கடைசியில் இரண்டையும் கூட்டுங்கள். வங்காள விரிகுடா வடக்கில் ஆற்றுநீர் கலப்பதால், உப்பளவு 35-க்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும். மேற்பரப்பில் 650 வந்தால் ஏதோ தப்பு. அரபிக்கடல் நடு அடுக்கில் 700 வந்தால் அவசரப்பட்டுக் கொட்டாதீர்கள். கடலடி வண்டலிலிருந்து வரும் அயோடைடு அங்கே உண்மையிலேயே அவ்வளவு இருக்கும்.