ஃப்ரீடைவிங் தேர்வும் ஈயக்கட்டிகளும்: எவ்வளவு, எங்கே

ஃப்ரீடைவிங், அதாவது காற்றுச் சிலிண்டர் இல்லாமல் மூச்சை அடக்கி நீரில் இறங்குவது. அதன் முதல் நிலைக்குப் படிக்கிறவர்களிடம் பேசினால் பேச்சு முழுக்க மூச்சைப் பற்றியே இருக்கும். எத்தனை நிமிடம் அடக்க வேண்டும், என்ன பயிற்சி செய்யலாம் என்று கேட்பார்கள். உடலின் மிதப்பைக் குறைக்க இடுப்பில் கட்டும் ஈயத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை, பயிற்றுநர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள். முதல் முறை அவர் பார்த்துக்கொள்வார்தான். ஆனால் எழுத்துத் தேர்வில் அதிலிருந்து கேள்வி வரும், தண்ணீரில் இறங்கியதும் உங்கள் எடையை நீங்களே சரிபார்த்துக் காட்டச் சொல்வார்கள். அப்புறம் ஈட்டித்துப்பாக்கியோடு மீன்வேட்டைக்குப் போனால் அங்கே பயிற்றுநரும் இருக்க மாட்டார்.

நான் தேர்வு முடித்துவிட்டு ஸ்பியர்ஃபிஷிங் பக்கம் போனவன். இந்த ஒரு பகுதியை எப்படிப் படித்தால் மனதில் நிற்கும் என்பதை மட்டும் எழுதுகிறேன். காது சமன்செய்வது, மூச்சுப் பயிற்சி எல்லாம் தனிக் கதை.

முதலில் கணக்கு. அழுத்தம் கூடக் கூடக் காற்றின் கனஅளவு அதே விகிதத்தில் குறையும் என்ற பாயில் விதியை எல்லோரும் ஓர் அட்டவணையாக மனப்பாடம் செய்கிறார்கள். மேற்பரப்பில் அழுத்தம் 1 பார், 10 மீட்டரில் 2, 20 மீட்டரில் 3, 30 மீட்டரில் 4. நுரையீரல் காற்று அதற்கேற்பப் பாதி, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று. மதிப்பெண் வாங்க இது போதும். எடையைப் புரிந்துகொள்ள இதை லிட்டரில் போட்டுப் பார்க்க வேண்டும். 6 லிட்டர் காற்றோடு ஒருவர் இறங்குகிறார் என்று வையுங்கள். 10 மீட்டரில் அது 3 லிட்டர், 20 மீட்டரில் 2, 30 மீட்டரில் ஒன்றரை. முதல் 10 மீட்டரில் 3 லிட்டர் போய்விடுகிறது, அடுத்த 10 மீட்டரில் ஒரே ஒரு லிட்டர், அதற்கடுத்து அரை லிட்டர். ஒரு லிட்டர் காற்று போனால் ஏறக்குறைய ஒரு கிலோ மிதப்பு போகும்.

இப்போது இவர் 10 மீட்டரில் நடுநிலையாக இருக்கிறார், அதாவது மிதக்கவும் இல்லை, மூழ்கவும் இல்லை. அவர் பெல்ட்டில் ஒரு கிலோ கூட்டினால் என்ன ஆகும்? நடுநிலைக்கு 4 லிட்டர் காற்று தேவைப்படும். அது 1.5 பார் அழுத்தத்தில், அதாவது 5 மீட்டரிலேயே வந்துவிடும். ஒரு கிலோ குறைத்தால்? 2 லிட்டர் போதும், நடுநிலை 20 மீட்டருக்கு இறங்கிவிடும். ஒரு கிலோ இப்படியும் அப்படியும் ஆனதற்கு 5, 10, 20 என்று மூன்று வேறு வேறு டைவ்கள். குளிருக்குப் போடும் நியோப்ரீன் ரப்பர் உடையான வெட்சூட் அழுத்தத்தில் சுருங்குவதை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் எண்கள் கொஞ்சம் நகரும், போக்கு மாறாது. அரைக் கிலோ கட்டிகளை ஏன் விற்கிறார்கள் என்பது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அடுத்த கேள்வி, ஏன் 10 மீட்டர்? நடுநிலை 10 மீட்டரிலோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும் என்று பாடத்தில் இருக்கும், காரணத்தைப் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரியைப் பிரித்துப் படியுங்கள். பிளாக்அவுட், அதாவது ஆக்சிஜன் குறைந்து நினைவிழப்பது, பெரும்பாலும் ஆழத்தில் நடப்பதில்லை. ஏறி வரும்போது மேற்பரப்பை நெருங்கும் இடத்திலோ, மேலே வந்த சில நொடிகளிலோ நடக்கிறது. அந்த நேரத்தில் மூச்சு வெளியே போயிருக்கும். இயல்பாக மூச்சை விட்டதும் நுரையீரலில் மிஞ்சுவது முழுக் கொள்ளளவில் ஏறக்குறைய பாதி, நம் ஆளுக்குச் சுமார் 3 லிட்டர். 10 மீட்டரில் அவரைத் தாங்கியதும் அதே 3 லிட்டர்தான். எனவே 10 மீட்டரில் நடுநிலையாக இருப்பவர் மேலே வந்து மூச்சை விட்டாலும் மூழ்க மாட்டார். சுருங்கியிருந்த வெட்சூட்டும் விரிந்து உதவும். 5 மீட்டரில் நடுநிலையாக இருப்பவருக்கு 4 லிட்டர் வேண்டும், இருப்பதோ 3. நினைவில்லாத நேரத்தில் அவர் கீழே போவார். 10 மீட்டரில் நடுநிலை, மேலே மூச்சை விட்டாலும் மிதப்பது என்று இரண்டு விதிகளாகப் புத்தகத்தில் தனித்தனியே கிடக்கும் விஷயம் உண்மையில் ஒன்றுதான்.

தண்ணீரில் காட்டச் சொல்லும் சோதனையும் இதேதான். மேற்பரப்பில் நிமிர்ந்த நிலையில் அசையாமல் நிற்க வேண்டும். ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) அடிக்கக் கூடாது, கையை ஆட்டக் கூடாது, மிதவையைப் பிடிக்கக் கூடாது. மூச்சு நிறைந்திருக்கும்போது தலை நன்றாக வெளியே இருக்கும். இயல்பாக மூச்சை விட்ட பிறகு தண்ணீர் கண் மட்டம் வரை வரலாம், உச்சந்தலை உள்ளே போகக் கூடாது. பலர் இங்கே தங்களுக்கே தெரியாமல் கால் அடித்துக்கொண்டிருப்பார்கள், அதனால் கூட வருபவரை மாஸ்க்கோடு கீழே பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து கயிற்றில் 10 மீட்டருக்கு இறங்கி, முழு மூச்சோடு போன டைவில், விரலைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். கீழே நழுவினால் எடை அதிகம்.

எழுத்துத் தேர்வில் இதோடு ஒட்டி வரும் இன்னொரு கேள்வி நன்னீரும் கடல்நீரும். கடல்நீர் சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி அதிகம். உடலும் உபகரணமும் சேர்ந்து 80 கிலோ என்றால் கடலில் 2 கிலோ கூடுதலாக வேண்டியிருக்கும். குளத்துப் பெல்ட்டை அப்படியே கடலுக்கு எடுத்துப் போக முடியாது, கடல் பெல்ட்டோடு குளத்தில் குதிக்கவும் கூடாது.

சரி, எவ்வளவு என்பது முடிந்தது. எங்கே கட்டுவது என்பதில்தான் என் கருத்துகள் கொஞ்சம் அழுத்தமானவை.

பெரும்பகுதி எடை பெல்ட்டில்தான் இருக்க வேண்டும். பெல்ட் ரப்பராக இருக்க வேண்டும், இடுப்பெலும்பின் மேல் இறுக்கமாக உட்கார வேண்டும். ஆழத்தில் சூட் சுருங்கும், வயிறும் ஒட்டும். நைலான் பெல்ட் அப்போது தளர்ந்து, தலைகீழாக இருப்பதால் நெஞ்சுக்கு வழுக்கிவிடும். ரப்பர் கூடவே சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். இடுப்பெலும்பைத் தாண்டி மேலே வயிற்றைச் சுற்றிக் கட்டினால் உதரவிதானம் இறங்க இடமிருக்காது, இறங்கும் முன் எடுக்கும் தயாரிப்பு மூச்சே பாழாகும். கட்டிகள் இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும். பெரிய கட்டிகள் இரண்டைவிடச் சிறியவை நாலைந்து மேல். பக்கிளை ஒரு கையால் ஒரே இழுப்பில் திறக்க முடிய வேண்டும், தொங்கும் நுனியை அழகுக்காக உள்ளே செருகிவைக்காதீர்கள்.

தேர்வில் பெல்ட்டைக் கழற்றிப் போடச் சொல்வார்கள். துணையின் பெல்ட்டையும் கழற்றச் சொல்வார்கள். அதனால் பயிற்சியின்போதே துணையின் பக்கிள் எந்தப் பக்கம் திறக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பாருங்கள். கழற்றியதும் உடம்போடு ஒட்டி விடாமல் கையை நீட்டித் தள்ளி விட வேண்டும், இல்லையென்றால் கத்தியிலோ ஃபின்னிலோ மாட்டும்.

நீச்சல்குளத்தில் நீளவாட்டில் நீந்தும் தேர்வுக்கு வந்தால் கழுத்து எடை பற்றிப் பேச்சு எழும். நெஞ்சில் காற்று, இடுப்பில் ஈயம் என்றால் உடல் தராசுக்கோல் போலச் சாயும். மேல்பாதி ஏறும், கால் இறங்கும். சாய்ந்த உடல் தண்ணீரைக் கூடுதலாகத் தள்ளும், அதற்கு ஆக்சிஜன் செலவாகும். இடுப்பில் இருப்பதில் ஒரு பகுதியைக் கழுத்துக்கு மாற்றினால் உடல் படுக்கைவாட்டுக்கு வரும். இங்கே கவனிக்க வேண்டியது, மாற்ற வேண்டும், கூட்டக் கூடாது. சோதிப்பது எளிது. சுவரை உதைத்து ஒரு மீட்டர் ஆழத்தில் கையை நீட்டி அசையாமல் வழுக்கிப் போங்கள். தலை முதலில் மேலே போனால் இன்னும் கொஞ்சம் கழுத்துக்கு மாற்றலாம், கால் மேலே போனால் திரும்ப இடுப்புக்கு. சைக்கிள் ட்யூபில் ஈயக்குண்டுகளை நிரப்பி டேப் சுற்றிப் பலர் தாங்களே செய்துகொள்கிறார்கள். நன்றாகவே வேலை செய்யும், ஆனால் எளிதில் திறக்கும் கிளிப் இருக்க வேண்டும். தொண்டையை அழுத்தக் கூடாது, தலைகீழாகப் போகும்போது முகத்துக்கு நழுவவும் கூடாது.

கடலுக்கு அதே கழுத்து எடையை அப்படியே கொண்டுபோவதை நான் விரும்புவதில்லை. நினைவிழந்தவரை மேற்பரப்பில் மல்லாத்திப் பிடிக்கும்போது கழுத்திலுள்ள ஈயம் முகத்தைத் தண்ணீருக்குள் இழுக்கும். ஐடா 2, எஸ்எஸ்ஐ முதல் நிலை, மொல்ச்சனோவ்ஸ் வேவ் 1 என்ற ஆரம்பநிலைச் சான்றிதழ்ப் படிப்புகள் மூன்றிலும் எல்லை 20 மீட்டர்தான். அந்த ஆழத்துக்குப் பெல்ட் மட்டும் போதும்.

மீன்வேட்டையில் கதை மாறும். 4, 5 மீட்டர் ஆழத்தில் பாறையோரம் படுத்துக் காத்திருப்பவருக்கு 10 மீட்டர் நடுநிலை உதவாது, மிதந்து மிதந்து மேலே வருவார். அதனால் எடையைக் கூட்டிக் கட்டுகிறார்கள். அது தவறு என்று சொல்ல மாட்டேன், ஆனால் மேலே போட்ட கணக்கு அப்படியேதான் இருக்கிறது. அந்த எடையோடு மேலே மூச்சு விட்டால் மூழ்குவார். துணை கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், பாறை முடிந்து ஆழம் தொடங்கும் இடத்தில் கூடுதல் கட்டிகளைக் கழற்றி மிதவையில் மாட்டிவிட வேண்டும். நல்ல மீன் கீழே தெரிகிறதே என்று அதே பெல்ட்டோடு 15 மீட்டருக்கு இறங்குவதுதான் ஆபத்து.

தடித்த சூட் போடுகிறவர்களுக்குப் பெல்ட் கனத்துப்போய் முதுகு வலிக்கும். பல மணி நேரம் குப்புற மிதக்கும் வேலை அல்லவா! அதற்குத்தான் ஈயம் வைத்த கையில்லாச் சட்டையான வெஸ்ட். எடையின் ஒரு பகுதி முதுகில் பரவும், தலைகுப்புற மடங்கி இறங்குவதும் எளிதாகும். ஆனால் வெஸ்ட்டைத் தண்ணீரில் சட்டென்று கழற்ற முடியாது. நான் பின்பற்றும் அளவுகோல் இது: பெல்ட்டைக் கழற்றிவிட்டு, வெஸ்ட்டும் கணுக்கால் எடையும் மட்டும் இருக்கும் நிலையில், மூச்சை முழுவதும் வெளியே விட்ட பிறகும் தாராளமாக மிதக்க வேண்டும். மிதக்கவில்லை என்றால் வெஸ்ட்டிலிருந்து பெல்ட்டுக்கு மாற்றுங்கள், முதுகு வலித்தாலும் பரவாயில்லை. கழற்ற முடியாத ஈயம் எவ்வளவு என்பதைத் தனியாக எண்ணிப் பார்க்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. மொத்தக் கிலோவைத்தான் எல்லோரும் சொல்வார்கள்.

கணுக்கால் எடை, காலுக்கு அரைக் கிலோ போல, தடித்த சூட் கால்களை மேலே தூக்கி ஃபின் தண்ணீரை அறையும்போது உதவும், சத்தம் குறையும். ஆனால் ஒவ்வொரு உதைக்கும் அந்த ஈயத்தையும் சேர்த்து ஆட்ட வேண்டும். மெல்லிய சூட்டில் அதற்குத் தேவையே இல்லை. பாறையில் உரசுகிறவர்கள் பெல்ட் கட்டிகளை முன்பக்கத்திலிருந்து பக்கவாட்டுக்கும் பின்னுக்கும் நகர்த்துங்கள், ஈயம் பாறையில் தட்டும் சத்தம் மீனுக்கு நமக்கு முன்னே கேட்கும். பிடித்த மீனைப் பெல்ட்டில் கோத்துக்கொள்ளும் பழக்கம் வேண்டாம். பக்கிளை மறைக்கும், சுறாவையும் பக்கத்தில் அழைக்கும். மிதவையில் கட்டுங்கள்.

நியோப்ரீன் பழசாகப் பழசாக மிதப்பை இழக்கும். புது சூட்டுக்குப் பார்த்த எடை சில பருவங்களுக்குப் பிறகு கூடுதலாகிவிடும். சூட், தண்ணீர், ஆழம் மூன்றில் எது மாறினாலும் மேற்பரப்புச் சோதனையை மறுபடி செய்யுங்கள், அரைக் கிலோ கட்டி ஒன்றிரண்டைப் படகிலேயே வைத்திருங்கள்.