கை மறக்கவில்லை

மூளை ஆராய்ச்சி செய்தவர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் பிரெண்டா மில்னர். 1918-ல் மான்செஸ்டரில் பிறந்தவர், 1944-ல் கனடா போனவர் மான்ட்ரியாலிலேயே தங்கிவிட்டார். 2014-ல் கவ்லி பரிசு வாங்கினார். ஆனால் அவர் மேல் எனக்கு இவ்வளவு மரியாதை வரக் காரணம் எச்.எம். என்று முதலெழுத்துகளால் மட்டும் சொல்லப்பட்ட ஒரே நோயாளி.

ஓயாத வலிப்பு நோய்க்காக 1953-ல், 27 வயதில், எச்.எம்.முக்கு மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். புது நினைவுகளைப் பதிய வைக்கிற ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் இரண்டு பக்கமும் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்கப்புறம் நடந்தது எதுவும் மனதில் நிற்கவில்லை. பேச்சும் புத்தியும் அப்படியே இருந்தன. மில்னர் மான்ட்ரியாலிலிருந்து ரயிலேறி அமெரிக்காவிலுள்ள ஹார்ட்ஃபோர்டுக்குப் போய் அவரைப் பார்ப்பார், ஒவ்வொரு தடவையும் அந்த மனிதருக்கு இவர் புது ஆள்தான்.

இந்த ஆளால் எதுவுமே கற்றுக்கொள்ள முடியாது என்று விட்டுவிடாமல், எது மிச்சம் இருக்கிறது என்று தேடினார் பாருங்கள், அங்கேதான் இருக்கிறது விஷயம். காகிதத்தில் இரட்டைக் கோட்டில் ஒரு நட்சத்திரம், கையை நேராகப் பார்க்கவிடாமல் ஒரு மறைப்பு, எதிரே கண்ணாடி. கண்ணாடியைப் பார்த்தே இரண்டு கோட்டுக்கும் நடுவில் பென்சிலை ஓட்ட வேண்டும். யாருக்கும் முதலில் கை கோணும். எச்.எம். மூன்று நாளில் நன்றாகத் தேறிவிட்டார். ஆனால் முந்தின நாள் வரைந்ததே அவருக்கு ஞாபகமில்லை! நடந்ததை நினைவில் வைப்பது ஒரு வழி, கைப்பழக்கம் இன்னொரு வழி என்று புரிந்தது அப்படித்தான்.

எங்கள் ஆச்சி தோவாளைக்காரி, சின்ன வயதிலிருந்தே பூ கட்டிப் பிழைத்தவள். இப்போது அல்சைமர். அதுவும் ஆரம்பத்திலேயே ஹிப்போகாம்பஸைப் பிடிக்கிற நோய்தான், ஆனால் எச்.எம். கதை போல அங்கேயே நிற்காது, மெல்ல மற்ற இடங்களுக்கும் பரவும். சாப்பிட்டு இலையை எடுப்பதற்குள் “மக்களே, சோறு போடலியா?” என்பாள். அதே ஆச்சியின் முன்னால் பிச்சி மொட்டைக் குவித்து வைத்தால், வாழைநாரைத் தண்ணீரில் நனைத்து, இந்தப் பக்கம் இரண்டு அந்தப் பக்கம் இரண்டு வைத்து, ஒரு சுற்று, ஒரு இழுப்பு, அவ்வளவுதான். நார் காய்ந்திருந்தால் திட்டு விழும். எத்தனை முழம் கட்டினாள் என்று கேட்டால் தெரியாது.

டாக்டரிடம் போகும்போது ஆச்சி எதை எதை மறந்தாள் என்று மட்டும் எழுதிக்கொண்டு போவோம். இப்போது என்னென்ன செய்கிறாள் என்றும் எழுதுகிறேன். குளச்சல் பக்கம் வலை பின்னுகிற தாத்தாக்கள் யாருக்காவது இப்படி இருந்தால் சொல்லுங்கள், அவர்கள் கை என்ன செய்கிறது என்று கேட்க ஆசை.