கொச்சபம்பா நாட்குறிப்பு: ஒரு கொத்தனாரின் இதயம்

ஏப்ரல் 8, 2024, திங்கள்

இன்று வெளிநோயாளிப் பிரிவுக்கு 54 வயதுக் கொத்தனார் ஒருவர் வந்தார். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. போன வாரம் சாரத்தில் நின்றபடியே கண் இருட்டிக்கொண்டு வந்ததாம். "வயசாகுது டாக்டோரா" என்று காரணத்தையும் அவரே சொல்லிவிட்டார்.

ஈசிஜி தாளைப் பார்த்த நர்ஸ் எனக்கு முந்திக்கொண்டு "சாகாஸ்" என்றார். பூச்சி பரப்பும் ஒட்டுண்ணி நோய் அது. இதயத்தின் மின்பாதையில் வலது கிளை முழுதாகத் தடைபட்டிருந்தது, இடது கிளையின் முன்பகுதியும் கூடவே. பொலிவியாவில் இந்த ஜோடியைக் கண்டால் முதல் சந்தேகம் பூச்சிமேல்தான். மருத்துவக் கல்லூரியில் எனக்குச் சாகாஸ் ஒரு மார்க் கேள்வி, அவ்வளவுதான்.

புனாட்டா பக்கம் ஒரு கிராமத்தில், பச்சைமண் கல் சுவரும் புல் கூரையுமான வீட்டில் வளர்ந்தவர். ராத்திரியில் கூரையிலிருந்து வின்சூக்காப் பூச்சி விழும், அம்மா விளக்கைப் பிடித்துக்கொண்டு செருப்பால் அடிப்பார் என்று சிரித்தார். மூட்டைப்பூச்சிக்குத் தூரத்துச் சொந்தம் இது, ஆனால் பல மடங்கு பெரியது. ரத்தம் குடித்துக்கொண்டே அங்கேயே கழிந்துவிடும். தூக்கத்தில் சொறியும்போது அந்தக் கழிவிலிருக்கும் ஒட்டுண்ணி கடிவாய் வழியாகவோ கண் வழியாகவோ உள்ளே போய்விடும். அப்புறம் பல பத்தாண்டுகளுக்குச் சத்தமே இருக்காது. இரண்டு விதமான ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன். ஒன்றை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது.

ஏப்ரல் 10

இரண்டு சோதனையிலும் தொற்று இருக்கிறது என்றே வந்தது. இதயத்தை ஒலியலையால் படம் காட்டும் எக்கோ நானே பார்த்தேன். வழக்கமான கோணத்தில் இடது கீழறை கொஞ்சம் சோம்பலாகச் சுருங்குகிறது என்பதற்குமேல் எதுவும் தெரியவில்லை. கருவியை ஒரு விலா இடைவெளி கீழே இறக்கி, லேசாகச் சாய்த்தேன். அப்போதுதான் இதயத்தின் நுனி அகப்பட்டது. மற்றச் சுவரெல்லாம் உள்ளே சுருங்கும்போது இது மட்டும் கையுறையின் விரல்நுனி போல வெளியே புடைக்கிறது. சுவர் அங்கே மெலிந்துவிட்டது. ரத்தம் அதற்குள் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. ஓரத்தில் ஒட்டியபடி சின்னதாக ஒரு உறைகட்டி. அது பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போனால் பக்கவாதம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் இன்றே தொடங்கியாகிவிட்டது.

ஏப்ரல் 14, ஞாயிறு

ஊரில் சித்திரை முதல் நாள். இங்கே உலக சாகாஸ் நோய் தினம். 1909-இல் இதே தேதியில்தான் பிரேசிலின் லசான்ஸ் ஊரில் பெரெனிஸ் என்ற சின்னக் குழந்தையின் ரத்தத்தில் கார்லோஸ் சாகாஸ் இந்த ஒட்டுண்ணியைக் கண்டார். ரயில் பாதை போடும் இடத்தில் மலேரியாவைக் கட்டுப்படுத்தப் போனவர் அவர். அந்தக் குழந்தை 70 வயதைத் தாண்டி வாழ்ந்தார். பிற்காலத்தில் சோதித்தபோதும் ரத்தத்தில் ஒட்டுண்ணி இருந்தது, அதனால் வரும் இதய நோய் மட்டும் இல்லை. தொற்றியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் இதயம் கெடுகிறது. யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை.

வீட்டுக்கு வீடியோவில் பேசினேன். மாங்காய்ப் பச்சடியைக் காட்டி வயிற்றெரிச்சல் கொட்டிக்கொண்டார்கள்.

ஏப்ரல் 17

நாள் முழுக்க உடம்பில் மாட்டி இதயத்துடிப்பைப் பதியும் ஹோல்ட்டர் கருவியின் முடிவு வந்தது. தூக்கத்தில் இதயம் நான்கு விநாடி சும்மா இருந்திருக்கிறது. விடிகாலையில் கீழறையிலிருந்து எட்டுத் துடிப்பு தாறுமாறான வேகத்தில் ஓடி, தானே அடங்கியிருக்கிறது. இந்த நோயின் வில்லங்கமே இதுதான். ஓட்டத்தை அடக்க அமியோடரோன் மாத்திரை கொடுத்தால் நிற்கிற இதயம் இன்னும் நிற்கும். எனவே இதயம் நிற்காமல் தூண்டிவிடும் பேஸ்மேக்கர் முதலில், மாத்திரை அப்புறம். அதிர்ச்சி கொடுத்து மீட்கும் ஐசிடி கருவி இன்னும் நல்லது. அந்த விலைக்கு அவர் நிலத்தை விற்க வேண்டியிருக்கும்.

சாகாஸ் நோயாளியின் ஆபத்தை மதிப்பெண்ணாகக் கணக்கிடும் ராசி அட்டவணைப்படி கூட்டினேன் (ஜாதக ராசி இல்லை, பிரேசில் மருத்துவர் ஒருவரின் பெயர்). ஆண் என்பதற்கு 2, சுவர் அசைவுக் கோளாறுக்கு 3, அந்த வேக ஓட்டத்துக்கு 3. மொத்தம் 8, நடுத்தர ஆபத்து. எக்ஸ்ரேயில் இதயம் பெரிதாகத் தெரிந்திருந்தால் இன்னும் 5 ஏறியிருக்கும்.

ஒட்டுண்ணியைக் கொல்லும் மருந்து கேட்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் பென்ஸ்னிடசோல் சாப்பிட்டாராம். அந்த மருந்தைப் பற்றி 2015-இல் வெளியான ஆய்வில் பொலிவியா உட்பட ஐந்து நாடுகளில், இதயம் ஏற்கெனவே கெட்ட 2,854 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ரத்தத்தில் ஒட்டுண்ணி குறைந்தது, இதயம் மோசமாவது குறையவில்லை. தழும்பாகிவிட்ட தசையை எந்த மாத்திரை திருப்பித் தரும்? அவர் மனதுக்காக எழுதிக் கொடுத்து, தோல் தடிப்பும் நரம்பு எரிச்சலும் வாங்கிக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. முகம் சுருங்கிவிட்டது. நான் மாற்றிக்கொள்ளவில்லை.

மே 3

பேஸ்மேக்கர் வைத்தாயிற்று. சாரம் ஏறக் கூடாது என்றதும், "தரையில் நின்று செய்யுற பூச்சு வேலைக்குக் கூலி பாதிதான்" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

கூட வந்த மகளுக்கு 26 வயது, ஏழு மாதக் கர்ப்பம், பிறந்தது அதே வீட்டில். அவளுக்கும் இரண்டு சோதனையிலும் தொற்று உறுதி, ஈசிஜி சுத்தம். என் கணக்கில் பென்ஸ்னிடசோல் போக வேண்டிய இடம் இதுதான், ஆனால் கர்ப்பத்தில் கொடுப்பதில்லை. குழந்தை பிறந்ததும் அதன் ரத்தம், பிறகு அம்மாவின் எதிர்ப்பொருள் மறையும் எட்டாம் மாதத்துக்குமேல் மறுபடி ஒரு முறை. தொற்றியிருந்தாலும் முதல் வயதுக்குள் மருந்து கொடுத்தால் பெரும்பாலும் முழுதாகக் குணமாகும். பால்குடி மறந்த பின் அவளுக்கு 60 நாள் மருந்து.

அவள் தம்பிகள் இருவர் புவெனஸ் ஐரிஸில் தையல் வேலையாம். அவர்களும் பார்க்க வேண்டுமா என்றாள். கட்டாயம், அங்கேயே பார்க்கலாம் என்றேன். வராந்தாவிலேயே போனை எடுத்துத் திட்ட ஆரம்பித்துவிட்டாள். சின்னவன் ஊசிக்குப் பயந்தவன் போலிருக்கிறது.