பாட்டுக் கேட்க இன்னுமொரு பெட்டி வேண்டுமா?

தெஹிவளையிலிருந்து சென்ற மாதம் வீட்டுக்கு வந்த என் மைத்துனர், அப்பாவின் பழைய அம்ப்ளிஃபயருக்கு மேல் கிடந்த உள்ளங்கையளவுக் கறுப்புப் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதையும் காசு குடுத்தே வாங்கினீங்கள்? போனிலயே பாட்டு வருதுதானே?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. அன்று தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடிக்க இயலாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கறுப்புப் பெட்டி ஒரு நெட்வேர்க் ஸ்ட்ரீமர். அது தானாக ஒலி எழுப்பாது. வீட்டு வை-ஃபை வழியாகப் பாட்டை இழுத்து அம்ப்ளிஃபயருக்குக் கொடுப்பது மட்டுமே அதன் வேலை. புளூடூத்தில் கைத்தொலைபேசியே பாட்டை விரித்து, மீண்டும் சுருக்கி, காற்றில் அனுப்புகிறது. அழைப்பு வந்தால் பாட்டு நின்றுவிடும், தொலைபேசியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் பாட்டும் கூடவே போய்விடும். இணையப் பாட்டுச் சேவையான ஸ்பொட்டிஃபையின் கனெக்ட் போன்ற முறைகளிலோ தொலைபேசி வெறும் ரிமோட்தான். எந்தப் பாட்டு என்று அது சொன்னதும், பெட்டி நேரே இணையத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது.

இதனால் ஒலி மேம்படுமா என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். இறுவட்டில் செக்கனுக்கு 1,411 கிலோபிட் தரவு இருக்கிறது. ஸ்பொட்டிஃபை நெடுங்காலம் கொடுத்துவந்த உச்சத் தரம் 320 கிலோபிட். எண்களைப் பார்த்தால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடுதான். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட, கண்ணை மூடிக்கொண்டு கேட்ட நான் பத்தில் ஆறைத்தான் சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவு வந்திருக்கும். நான் அதிகம் கேட்கும் ஐம்பதுகள், அறுபதுகளின் திரைப்பாடல்கள் மோனோவில் பதிவானவை, நாடாவின் இரைச்சலோடு வருபவை. அவற்றை எவ்வளவு பெரிய கோப்பில் அடைத்தாலும், பதிவின்போது நுழையாத ஒன்று இப்போது வந்து சேராது.

வேறுபாடு கேட்காததற்கு வீடு இருக்கும் இடமும் ஒரு காரணம். இறுவட்டின் 16 பிட் பதிவு, மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபெல் வீச்சைத் தாங்கும். அதைவிட உயர்தரமான 24 பிட் பதிவுக்குக் கணக்கின்படி 144. வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலோர ரயில் பாதைக்கும் நடுவே நிற்கும் தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் நான் இருக்கிறேன். யன்னலைப் பூட்டிய நள்ளிரவிலும் அறையின் அமைதி 35 டெசிபெல்லுக்குக் கீழே இறங்குவதில்லை என்று தொலைபேசிச் செயலி காட்டுகிறது. அயலவர் கதவைத் தட்டாத அளவுக்குப் பாட்டு வைத்தால் உச்சம் 85ஐத் தாண்டாது. மிஞ்சுவது 50 டெசிபெல் வீச்சு. இறுவட்டுக்கே அது தாராளம். மாத்தறைப் பக்கம் போகும் ரயில் கடக்கும்போது அந்த 50உம் இல்லை.

அப்படியிருந்தும் இதை வாங்கியதற்காக நான் வருந்தவில்லை. முதற் காரணம் அம்மா. தொலைபேசித் திரையைத் தடவிப் பாட்டுத் தேடுவது அவருக்கு ஒருபோதும் பிடிக்கவில்லை. இப்போது ரிமோட்டின் முதல் பொத்தானில் தமிழ் வானொலியும் இரண்டாவதில் அவருடைய பக்திப் பாடல்களும் இருக்கின்றன; காலையில் நான் எழும்ப முன்னரே வீடு பாடத் தொடங்கிவிடுகிறது. அடுத்தது அப்பா சேர்த்த இறுவட்டுகள். கடற்காற்றில் பிளேயரின் தட்டு திறக்க மறுத்தபின் அவை அலுமாரியில் கிடந்தன. சுமார் 200 இறுவட்டுகளைத் தரம் குறையாத ஃபிளாக் கோப்புகளாக மாற்றினேன். எல்லாம் 70 ஜிகாபைட்டுக்குள் அடங்கிவிட்டன. ரவுட்டரின் யூஎஸ்பி துளையில் செருகிய சிறு சேமிப்பான் ஒன்றிலிருந்து ஸ்ட்ரீமர் அவற்றை வாசிக்கிறது, அதற்கு இணையமே வேண்டாம். (மின்சாரம் வேண்டும். 2022இல் ஒரு நாளுக்கு 13 மணிநேரம்கூட மின்வெட்டு இருந்த காலத்தில் இந்த வீட்டில் பேசியது பற்றரி ரேடியோ மட்டுந்தான்.)

தயக்கம் தர வேண்டியது ஆயுட்காலம். நல்ல அம்ப்ளிஃபயர் முப்பது ஆண்டு உழைக்கும். ஸ்ட்ரீமர் பாதி கணினி. லொஜிடெக் நிறுவனம் 2006இல் வாங்கிய ஸ்குவீஸ்பொக்ஸ் ஸ்ட்ரீமர் வரிசையை 2012இல் கைவிட்டது. அதன் மென்பொருளைப் பயனர்களே பேணிவருவதால்தான் அந்தப் பெட்டிகள் இன்றும் பாடுகின்றன. கூகுள் 2015இல் வெளியிட்ட குரோம்காஸ்ட் ஓடியோ என்ற சிறு ஸ்ட்ரீமரின் உற்பத்தி 2019இல் நின்றது. 2025 மார்ச்சில் ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகி, நன்றாக இருந்த கருவிகள் சில நாட்கள் ஊமையாகிக் கிடந்தன. ஆகவே சொந்தக் கோப்புகளை டிஎல்என்ஏ (வீட்டு வலையமைப்புக்குள்ளேயே கோப்புகளைப் பகிரும் பொது முறை) வழியாக வாசிக்கக்கூடிய கருவியாகப் பார்த்து வாங்குவது நல்லது. ஆப்பிள் மியூசிக் பாவிப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு: பெரும்பாலான ஸ்ட்ரீமர்கள் அதை உள்ளிருந்தே இயக்குவதில்லை, ஏர்பிளே என்ற ஆப்பிளின் வயரில்லா முறை வழியாகத் தொலைபேசிதான் அனுப்ப வேண்டும். பிறகு தொலைபேசியிலிருந்து விடுதலை எங்கே?

விலையைப் பொறுத்தவரை, வீம் மினி போன்ற சிறியவை வெளிநாட்டில் 100 டொலர் அளவில் கிடைக்கின்றன. இங்கே வந்து சேரும்போது வரியும் கூலியும் அதன்மேல் ஏறிவிடும். அதைவிடப் பல மடங்கு விலையுள்ளவற்றை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அந்தப் பணத்துக்கு நல்ல ஸ்பீக்கர் சோடி ஒன்றை வாங்கினால், வேறுபாட்டைக் கண்ணை மூடாமலே சொல்லலாம்.

மைத்துனரின் வீட்டில் இருப்பது ஒரேயொரு புளூடூத் ஸ்பீக்கர். செருகுவதற்கு அம்ப்ளிஃபயர் இல்லாத வீட்டில் ஸ்ட்ரீமருக்கு வேலையே இல்லை. ஆகவே முதலில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் அம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் பார்க்கச் சொன்னேன். அதன்பின் லாச்சியில் கிடக்கும் பழைய தொலைபேசியை ஒக்ஸ் வயரால் அதில் மாட்டி, ஒரு மாதம் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். அந்த ஏற்பாடே அவருக்குப் போதுமாக இருந்தால் என் பெட்டியைப் பார்த்து அவர் இன்னொரு முறையும் சிரிக்கட்டும்.